செம்பின் வயிற்றில் ஒருத்தி

நம்ப மனமில்லாதவர்கள் இத்தோடு நிறுத்திவிடலாம். இது ஆரையம்பதியில், எங்கள் வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

அன்று காலை அக்கா சீதேவிப்பிள்ளை கிணற்றடியில் செம்புக்குப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "தண்ணி குடிக்க இல்லகா, அவர்ர படத்துக்குத்தான் இவ்வளவு மினுக்கம்" என்று புருசனைப் பழித்துச் சிரித்தாள். பின்னேரம் இரண்டு பேரும் வயல் பார்க்கத் தோணியில் வாவிக்கு அக்கரையிலிருக்கும் படுவான்கரைக்குப் போனார்கள். அத்தான் மட்டும் திரும்பி வந்தார். தோணி கவிழ்ந்துவிட்டதாம்.

அத்தான் கதிர்காமத்தம்பிக்குப் படப் பைத்தியம். தேயிலைப் பெட்டியும் பூதக்கண்ணாடியும் வைத்துத் தானே கமரா செய்திருந்தார். ஆட்களைப் படம் பிடிக்கமாட்டார். செம்பு, பாக்குவெட்டி, மாம்பழம் என்று வீட்டுச் சாமான்களை மேசையில் அடுக்கி, பின்னால் வெள்ளைச் சீலை கட்டுவார். முகம் பார்க்கும் கண்ணாடியால் ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி விடுவது என் வேலை. கமராவின் மூடி வெகுநேரம் திறந்தே கிடக்கும். ஒருமுறை கோழி குறுக்கே நடந்தது. படத்தில் கோழி இல்லை.

"அசையாம நிக்கிறதுதான் விழும், புள்ள" என்பார்.

எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குச் சீதனம். அவள் பிள்ளையில்லாமல் செத்தால் மாப்பிள்ளை வெளியேற வேண்டும், அல்லது தங்கையைக் கட்ட வேண்டும். அத்தான் என்னைக் கட்டக் கேட்டார். அம்மா தலையாட்டினாள். எனக்கோ, அவரோடு வாழ்வதைவிட வாவியில் விழலாம் என்றிருந்தது.

அக்காவின் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாளே அவர் சாமான்களை அடுக்கினார். நடுவில் அக்கா தேய்த்த செம்பு. படம் எடுத்ததும் சாமான் அறையை இருட்டாக்கி, விளக்கில் சிவப்புத் துணி சுற்றி, பீங்கான் தட்டில் படம் கழுவும் மருந்துத் தண்ணீர் ஊற்றினார். நான் விளக்கைப் பிடித்தேன்.

கண்ணாடித் தகட்டில் படம் மெல்ல ஊறி வந்தது. கறுப்பு வெள்ளையாக, வெள்ளை கறுப்பாக. செம்பின் வயிற்றில் எங்கள் அறை தெரிந்தது. ஜன்னல். கமரா. குனிந்திருக்கும் அத்தான்...

அவருக்குப் பின்னால் ஒரு பெண். வெள்ளை முடி. கறுத்த முகம்.

"நீயாகா பின்னால நிண்ட?"

"நான் ஜன்னலடியில கண்ணாடி புடிச்சிட்டு நிண்டன், அத்தான்."

தகட்டை உடைத்தார். இன்னொன்று எடுத்தார். அதில் அவள் இன்னும் கிட்ட நின்றாள். ஈரமுடி தோளில் ஒட்டியிருந்தது. கை, அவர் பிடரிக்கு நேரே...

"செத்தும் ஒரு வேலை செய்ய விடுறாளில்ல!"

செம்பை முற்றத்தில் எறிந்தார். மினுங்காத சாமானாகப் பார்த்து வைத்தார். மண்சட்டி. அகப்பை. படம் எடுத்து, தகட்டோடு தனியே அறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

சளக்...

பிறகு சத்தமில்லை.

சளக்... சளக்...

"அத்தான்?"

கதவின் கீழிருந்து வாவிச் சேற்று மணம் வந்தது.

அயலார் கதவை உடைத்தார்கள். அத்தான் முழந்தாளிட்டிருந்தார். முகம் பீங்கானுக்குள். அதில் இரண்டு விரல் ஆழத்துக்குக்கூடத் தண்ணீர் இல்லை. மூழ்கிச் செத்திருக்கிறார் என்றார் டாக்குத்தர்.

நான் அழவில்லை.

சில நாள் கழித்து, வாவியில் மீன் பிடிக்கும் காத்தான்குடி ஆதம்பாவா அம்மாவிடம் வந்தார்.

"தோணி கவிழல்ல, தங்கச்சி. அந்த இடத்துல தண்ணி முழங்காலுக்குத்தான். உங்கட மருமகன் குனிஞ்சு நிண்டத்த நான் கண்டன். வலை எடுக்கிறார் எண்டு நினைச்சிட்டுப் போயிட்டன்."

வீட்டு உறுதிப் பத்திரத்தை என் பெயருக்கு மாற்றும்படி பலர் சொல்லிவிட்டார்கள். இன்றுவரை அதில் அக்காவின் பெயர்தான் இருக்கிறது.