பச்சை பூத்த சுருட்டு

அக்காவின் மகன் கப்பலில் இருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஏதோ ஒரு துறைமுகத்தில் ஆசைப்பட்டு வாங்கிய சுருட்டுப் பெட்டி. மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் மேலெல்லாம் வெள்ளை படர்ந்திருக்கிறதாம். "சித்தி, இது பூசணமா? தொடச்சா போயிருமா? அம்மாகிட்ட சொல்லிராதீங்க" என்று கேட்டிருந்தான். சுருட்டு என்றால் சித்தியிடம் கேட்கலாம் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. நான் அதை வாயில் வைத்ததில்லை. பூசணம் துடைத்திருக்கிறேன், அவ்வளவுதான். அவன் இந்த உலகத்துக்கு வந்ததிலேயே அந்தப் பூசணத்துக்கு ஒரு பங்கு உண்டு என்பது அவனுக்குத் தெரியாது.

எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும். மில்லர்புரத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் எங்களுக்குச் சாக்லேட்டும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார். ஒரு தடவை மட்டும் மணக்க மணக்க ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே வரிசையாகச் சுருட்டுகள். அப்பா புகைக்கிறவர் இல்லை. பெட்டியை அம்மா கையில் கொடுத்து, "பெரியவளுக்குச் சம்பந்தம் பேச வரும்போது வேணும், பத்திரமா வையி" என்றார்.

எங்கள் பக்கத்துக் கப்பல்காரக் குடும்பங்களில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. சம்பந்தம் பேச வருகிறவர்கள் முன்னால் வெற்றிலைத் தட்டோடு சுருட்டுப் பெட்டியையும் வைப்பார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒன்றை எடுத்துப் பெண் வீட்டிலேயே பற்ற வைத்தால் சம்மதம். 'அப்புறம் பாத்துக்கிடலாம்' என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. வாயைத் திறந்து 'வேண்டாம்' என்று சொல்கிற சங்கடம் யாருக்கும் இல்லை. எவ்வளவு நாகரிகமான மனிதர்கள் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தப் பெட்டியைப் பார்த்துப் பயந்து செத்தவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள் மட்டும்தான்.

அம்மா பெட்டியைப் பத்திரமாகத்தான் வைத்தாள். பீரோவின் அடித்தட்டில், கிறிஸ்துமஸ் துணிகளுக்கு நடுவே. அதோடு விட்டிருந்தால் பிழைத்திருப்போம். அம்மா பிறந்த வீட்டில் கருவாட்டு வியாபாரம். உப்புப் போட்ட எதுவும் கெடாது என்பது அவளுக்கு வேதவாக்கு. ஊறுகாய்க்கு உப்பு, புளிக்கு உப்பு, தாழ்ப்பாள் துருப்பிடித்தாலும் தேய்க்க உப்பு. ஆகவே உப்பளத்தில் இருந்து வந்த கல்லுப்பை இரண்டு சின்னத் துணி முடிச்சாகக் கட்டி, சுருட்டுகளுக்கு இரு பக்கமும் வைத்து, பெட்டியை மூடிவிட்டாள். அந்தப் புத்திசாலித்தனத்தை அவள் யாரிடமும் சொல்லவும் இல்லை.

தருவைகுளத்தில் இருந்து அக்காவைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். சொந்தமாக மீன்பிடி வள்ளம் வைத்திருந்த குடும்பம். பையனை அக்கா கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறாள். பிடித்திருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அந்த ஊர் பேச்சு வந்தாலே கையில் இருக்கிறதைக் கீழே போட்டாள். அப்பா விடுப்பில் வந்திருந்த நேரம், மழைக்காலம். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை அப்பா பெட்டியை எடுத்துத் திறந்தார்.

உள்ளே இருந்து நனைந்த சாக்கின் நாற்றம் வந்தது. துணி முடிச்சுகள் இரண்டும் சொதசொதவென்று ஊறிக் கிடந்தன. சுருட்டுகள் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூசணம்.

"ஏளா, இது என்ன கருவாட்டுப் பானையா? மழைக்காலத்துல உப்பு தண்ணி விடும்னு ஒனக்குத் தெரியாதா?" என்று அப்பா கத்தினார். அம்மாவுக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை. "உப்பு போட்டு எது கெட்டுருக்கு?" என்று அழுகிற குரலில் கேட்டாள். அதுவரை எதுவும் கெட்டிருக்கவில்லை என்பது உண்மைதான்.

வேறு பெட்டி வாங்க நேரமும் இல்லை, அப்படிப்பட்ட சுருட்டு கிடைக்கிற கடையும் ஊரில் இல்லை. அதைவிடப் பெரிய கவலை மாப்பிள்ளையின் தாய்மாமா. காப்பியில் ஓர் எறும்பு மிதந்ததைக் காரணம் காட்டி ஒரு சம்பந்தத்தையே கலைத்தவர் என்று பேர் வாங்கியவர் அவர். எறும்புக்கே அப்படி என்றால் பூசணத்துக்கு என்ன செய்வார் என்று அம்மா கேட்டுக் கேட்டு அழுதாள்.

வெயிலில் காயப் போடலாம் என்று அவளே சொன்னாள். மொட்டை மாடியில் மழைக்கு இடையே கிடைத்த வெயிலில் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கொஞ்சம் இடமும் இருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். வெயில் பட்டால் இலை வெடித்துவிடும், நெத்திலி வாடையும் ஏறிவிடும் என்றார். கப்பலில் யாரோ செய்து பார்த்ததை நினைவுபடுத்திக்கொண்டு அவர் சொன்னபடி வேலை தொடங்கியது. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்ந்த திராட்சை ஊறப் போட வாங்கிய பிராந்தியில் மெல்லிய துணியை லேசாக நனைத்து, ஒவ்வொரு சுருட்டாகத் துடைக்க வேண்டும். பிறகு காத்தாடிக்குக் கீழே செய்தித்தாள் விரித்துப் பரப்ப வேண்டும். துணி என்னுடைய ஞானஸ்நானச் சட்டை. அதைக் கிழித்தபோது நான் ஒப்பாரி வைத்தேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

துடைத்தது பெரும்பாலும் அக்காதான். பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அத்தனை பதமாகத் துடைத்தாள். நான் துடைத்ததை எல்லாம் வாங்கி மறுபடி துடைத்தாள். வீடு முழுக்கப் பிராந்தி வாடை. பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, அப்பா ஊருக்கு வந்திருக்கிறார் போல என்று சிரித்துவிட்டுப் போனாள்.

வெள்ளை எல்லாம் போய்விட்டது. ஒன்றே ஒன்று மட்டும் அடங்கவில்லை. உப்பு முடிச்சை ஒட்டியே கிடந்த அந்தச் சுருட்டில் நுனியில் இருந்து பாதி வரை பச்சை பூத்து உள்ளேயும் இறங்கியிருந்தது. தூக்கிப் போடலாம் என்றார் அப்பா. அம்மா விடவில்லை. வரிசையில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால் வேறு எவனோ வந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன பெட்டி என்று தாய்மாமா சொல்வார். அதுவும் நியாயமாகப் பட்டது. பச்சை தெரியாமல் திருப்பி, அடி வரிசையில் மூலையில் அதை வைத்து, நல்லவற்றை மேலே அடுக்கினார்கள். மேலே இருப்பதை விட்டுவிட்டு அடியில் யார் கை விடப் போகிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வேனில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆள் கட்டை குட்டை, பேச்சு குறைவு. தாய்மாமா அவருக்கும் சேர்த்துப் பேசினார். சுவரில் ஓதம் ஏறியிருப்பதைச் சொன்னார், காப்பியில் சீனி தூக்கல் என்றார், எங்கள் தெருவுக்கு வழி சரியில்லை என்றார். கடைசியில் வெற்றிலைத் தட்டு வந்தது. பெட்டியை நீட்டுகிற வேலை எனக்கு, சின்னப் பிள்ளை நீட்டினால் ராசி என்று.

மாப்பிள்ளையின் அப்பா பெட்டியை வாங்கி மூடியைத் திறந்தார். மேல் வரிசையை விரலால் லேசாக விலக்கி அடியைப் பார்த்தார். மூச்சை இழுத்து மோந்தார். "என்ன அத்தான், இங்கன காட்டும் பாப்போம்" என்று தாய்மாமா கை நீட்டினார். அவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு மேலே இருந்து நல்லதாக ஒன்றை எடுத்துத் தாய்மாமாவிடம் கொடுத்தார். கூட வந்தவர்களுக்கும் அவரே எடுத்து எடுத்துக் கொடுத்தார். பிறகு விரலை அடிவரிசைக்குள் விட்டு, மூலையில் இருந்ததை எடுத்தார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா உள் அறைத் திரையைப் பிடித்தபடி நின்றாள்.

அவர் நுனியைப் பார்த்தார். பெருவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தார். வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தார். முதல் இழுப்பிலேயே இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வழிந்தது. துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தார். "நல்ல சரக்கு, சம்பந்தி" என்றார். அதுவரை அப்பாவை 'அண்ணாச்சி' என்று அழைத்துக்கொண்டிருந்தவர் அவர். தாய்மாமாவும் தன்னுடையதைப் பற்ற வைத்து, இரண்டு இழுப்பு இழுத்து, குறை சொல்ல எதுவும் அகப்படாமல் தலையை ஆட்டினார்.

நான் ஒரே ஓட்டமாக உள்ளே போய் அக்காவிடம் சொன்னேன்: "யக்கா, ஒன் மாமனாருக்குக் கண்ணு தெரியலக்கா. மேல அம்புட்டு நல்லது இருக்கு, பச்சை பூத்ததத் தேடி எடுத்துட்டாவ." அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண் தெரியாதவர் வீட்டுக்குப் போய் என்ன பாடுபடப் போகிறாளோ என்று எனக்கும் அழுகை வந்துவிட்டது.

கல்யாணம் முடிந்து தருவைகுளத்துக்கு விருந்துக்குப் போயிருந்தோம். சாயங்காலம் அவர் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்து, "அந்தா வாரது நம்ம வள்ளம். அணியத்துல நீலச் சட்டை காயுது பாரு" என்றார். எனக்கு ஒரு கறுப்புப் புள்ளிதான் தெரிந்தது. வள்ளம் கரைக்கு வந்தபோது அதன் முன்முனையில், அணியத்தில், நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

எனக்குக் குழம்பிவிட்டது. "மாமா, இம்புட்டுத் தூரத்துல உள்ளது தெரியுது. அன்னைக்குச் சுருட்டுல பச்சை இருந்தது மட்டும் தெரியலயா?" என்று கேட்டேன். அவர் திரும்பி, அப்பாவும் அம்மாவும் பின்னால் வருகிறார்களா என்று பார்த்தார். "வயசாயிட்டுல்லாம்மா. தூரத்துல உள்ளது தெரியும், கிட்டத்துல உள்ளது தெரியாது" என்றார்.

பாவம் என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பிய அன்று ஜெபமாலை முடிந்து அவரவர் வேண்டுதலைச் சொல்கிற நேரம் வந்ததும், அக்கா மாமனாருக்குக் கிட்டத்தில் உள்ளதும் தெரியணும் சாமி, சுருட்டில் இருந்த பூசணம்கூட அவருக்குத் தெரியவில்லை, என்று சத்தமாக வேண்டினேன். எல்லாரும் 'ஆமென்' சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்சம் கழித்து அம்மாவின் குரல் கேட்டது. "அந்தக் கண்ணு அப்படியே இருக்கட்டும் ஆண்டவரே." அப்பா உடனே 'ஆமென்' என்றார்.

அம்மா இவ்வளவு கல்நெஞ்சுக்காரியா என்று எனக்குத் தாங்கவில்லை. அதற்கப்புறம் பல நாள் அந்த மனிதருக்காக நான் தனியாகத்தான் ஜெபம் செய்துவந்தேன்.