வழிகாட்டி நாயோடு ராஸ் அல் கைமா கல்யாணத்துக்கு

போன மாதம் ஒரு சனிக்கிழமை, துபாய் அல் கூஸிலிருந்து ராஸ் அல் கைமாவுக்குப் போனோம். நான், ஆபீஸ் தோழி வாசுகி, அவளுடைய வழிகாட்டி நாய் ரூபி. வாசுகி யாழ்ப்பாணத்துக்காரி, பார்வை கிடையாது. அவள் தம்பிக்கு அங்கே ஒரு ஹோட்டலில் கல்யாண வரவேற்பு. தங்கை கல்யாணத்தில் இவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் மூலையில் உட்கார வைத்துவிட்டார்களாம். “இந்த முறை மேடைக்கு நானாத்தான் நடந்து போவன். ரூபியை விடாட்டி நானும் உள்ள வரமாட்டன்” என்று முன்பே சொல்லிவிட்டாள்.

கார் ஓட்டியவர் காயல்பட்டினத்துப் பாய். நூற்றுப்பத்து கிலோமீட்டர், இருநூற்றைம்பது திர்ஹம். ரூபியைப் பார்த்ததும் தயங்கினார். “ஏத்திக்கிடலாம்மா. அது எச்சில் மட்டும் என் மேல படாம பாத்துக்கிடுங்க, தொழணும்.” நியாயம்தானே! நான் ரூபியைக் கழுத்திலிருந்து வால்வரை பெட்ஷீட்டால் சுற்றினேன். இறங்கிய பிறகும், வாசுகியின் பட்டுச்சேலையில் முடி ஒட்டுமே என்று அதை எடுக்கவிடவில்லை. உள்ளே போகும்வரை என் கையைப் பிடித்துக்கொள் என்றேன். பெரிய கெட்டிக்காரி நான்!

வாசலில் காவலாளி மறித்தார். “குத்தா மாஃபி, மேடம்.” நாய் கூடாதாம். வழிகாட்டி நாய்க்கு அனுமதி உண்டு என்று கத்தினேன். அவர் கண்ணுக்குத் தெரிந்ததோ போர்வை போர்த்திய செல்ல நாய். வேறென்ன நினைப்பார், பாவம்?

“நீங்க போங்கோ. நான் கார்லயே இருக்கிறன்” என்றாள் வாசுகி. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாய் இறங்கி வந்தார். எச்சில் ஊறிய அந்தப் பெட்ஷீட்டைத் தன் கையாலேயே உருவினார். உள்ளே வழிகாட்டி நாயின் பட்டையும் கைப்பிடியும். இதுதான் இந்தம்மாவுக்குக் கண் என்று காவலாளியிடம் இந்தியில் சொன்னார்.

“ஐயோ பாய், உங்க தொழுகை?”

“மண்ணு போட்டு ஏழு தடவை கழுவினாப் போச்சு. நீங்க உள்ள போங்கம்மா.”

வாசுகி நீட்டிய ரூபியின் பதிவு அட்டையைக் காவலாளி பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். பட்டையை மறைக்காதீர்கள். பதிவு அட்டை, தடுப்பூசிச் சான்று கையில் இருக்கட்டும். ஹோட்டலுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயிற்சி பெற்ற வழிகாட்டி நாய்க்குக் கிடைக்கும் அனுமதி, மன ஆறுதலுக்காக வளர்க்கும் பிராணிக்கு இங்கே பொதுவாகக் கிடைக்காது. அதையே துணையாக நம்பியிருப்பவர்களை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது. வளைகுடாவில் நாட்டுக்கு நாடு விதி வேறு. கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே எங்களைக் கண்டதும் தம்பி மேடையிலிருந்து கையை நீட்டிக்கொண்டே ஓடிவந்தான்.

“அக்கா, வாங்கோ...”

“நீ மேடையில போய் நில்லடா. நான் வாறன்.”

திரும்பிப் போய் நின்றான், கண்ணைத் துடைத்துக்கொண்டே.