கிளிஃபர்ட் மிட்ஜ்லி நான்கு முறை எழுதிய உயில்

கிளிஃபர்ட் மிட்ஜ்லி எங்கள் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தது தொண்ணூற்றெட்டாம் வருடம் ஏப்ரலில், ஒரு திங்கட்கிழமை. கீழே ரொட்டிக்கடைக்கு அன்று விடுமுறை. மற்ற நாட்களில் மாடி முழுக்க ரொட்டி வாசனை அடிக்கும். அன்று அவர் கோட்டிலிருந்து வந்த மண்ணெண்ணெய் வாசனைதான் அடித்தது.

"இங்க உயில் சரியா இருக்கா இல்லையான்னு பார்த்துச் சொல்வீங்களாம்மா?"

"வக்கீல் பார்ப்பார். நேரம் குறிச்சுத் தர்றேன். கட்டணம் வந்து..."

"கட்டணமெல்லாம் எதுக்கு? எழுதியாச்சு. நீ ஒரு பார்வை பாரு, போதும்."

நான் வக்கீல் இல்லை. இங்கிலாந்தின் பிரிக்ஹவுஸில் வக்கீல் மிஸ்டர் லம்பிடம் இருபத்தொரு வருடம் தட்டச்சு வேலை பார்த்தவள். பெயர் ஐரீன். ஆனால் அத்தனை வருடம் உயில்களைத் தட்டச்சு செய்தால் எந்த இடத்தில் ஓட்டை விழும் என்று கண்ணுக்குத் தானாகத் தெரிந்துவிடும். அவர் நீட்டியது கடையில் விற்கிற உயில் படிவம். உறைக்குள் இரண்டு தாள், ஒரு விளக்கக் குறிப்பு. குறிப்பை அவர் பிரிக்கவே இல்லை. அது மடித்தது மடித்தபடி இருந்தது.

வீடும் அதிலுள்ள எல்லாமும் "என்னோடு வசிக்கும் மேவிஸுக்கு, அவளுக்குத்தான் எது எங்கே இருக்கிறது என்று தெரியும்" என்று எழுதியிருந்தார். படிக்க நன்றாகத்தான் இருந்தது. கீழே சாட்சிக் கையெழுத்தைப் பார்த்தேன். ஒன்று பக்கத்து வீட்டுக்காரர். இன்னொன்று மேவிஸ்.

"மிஸ்டர் மிட்ஜ்லி, சொத்து வாங்கறவங்களே சாட்சி போடக்கூடாது. போட்டா அவங்களுக்கு எழுதினது செல்லாது."

"ஏன்? அவ பக்கத்துலதான் இருந்தா. அவளைவிட நல்லா யாரு பார்த்திருப்பா?"

"அதான் கூடாதுங்கறேன்."

"பைத்தியக்காரச் சட்டம்" என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

அவரைப் பற்றி ஊரில் விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. கம்பள ஆலையில் முப்பத்தெட்டு வருடம் இயந்திரம் பழுதுபார்த்தவர். ஆலை மூடிய பிறகு கையைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவர். தன் வீட்டுக் கூரையைத் தானே மாற்றினார். அடுத்த மழைக்கு மறுபடியும் மாற்றினார். தலைமுடியை இரண்டு கண்ணாடி வைத்துத் தானே வெட்டிக்கொண்டார். பின்மண்டையைப் பார்த்தாலே தெரியும். கடைவாய்ப் பல் ஒன்றைக் குறடு வைத்துத் தானே பிடுங்கிக்கொண்டதாகப் பின்னாளில் மேவிஸ் சொன்னாள். நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு, கெட்டதை அடுத்த நாள் பிடுங்கினாராம்.

வக்கீல்களிடம் மட்டும் அவருக்கு வேறொரு கோபம் இருந்தது. முதல் மனைவி எட்னா எழுபத்தாறில் இறந்தபோது வேறொரு ஊரில் ஒரு வக்கீல் அலுவலகத்திடம் காகித வேலைகளை ஒப்படைத்திருக்கிறார். பதினொரு மாதம் இழுத்தார்கள். வந்த கடிதம் ஒவ்வொன்றிலும் அவள் பெயரை எட்வினா என்று எழுதியிருந்தார்கள். மூன்று முறை எழுதித் திருத்தச் சொல்லியும் கடைசிக் கடிதத்திலும் எட்வினாதான். இதை அவர் என்னிடம் சொன்னபோது குரலை உயர்த்தவில்லை. "செத்தவ பேரைக்கூடப் பார்த்து எழுதத் தெரியாதவங்ககிட்ட என் வீட்டை எதுக்கும்மா குடுக்கணும்?" என்றார். அதனால்தான் அடுத்தடுத்து அவர் வந்தபோதெல்லாம் விரட்டாமல் இருந்தேன். அது என் தவறு.

செப்டம்பரில் இரண்டாவது உயிலோடு வந்தார். இந்த முறை சாட்சிகள் இருவரும் அவர் காய்கறி போடும் தோட்டத்தில் பக்கத்துப் பாத்திக்காரர்கள். டெரெக் ஒருவர், பாரி இன்னொருவர். மேவிஸ் பெயர் சாட்சியில் இல்லை. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

"ரெண்டு பேரும் நீங்க கையெழுத்துப் போடறப்போ கூடவே இருந்தாங்கதானே?"

"செவ்வாய்க்கிழமை டெரெக் இருந்தான். பாரிக்கு அன்னிக்கு முதுகுவலி. வெள்ளிக்கிழமை அவன் வீட்டுக்கே கொண்டுபோய்க் குடுத்தேன். போட்டுக் குடுத்தான்."

"செவ்வாய்க்கிழமை ஒருத்தர், வெள்ளிக்கிழமை ஒருத்தரா?"

"தாள் அதே தாள்தானே?"

"ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல உங்க முன்னாடி நிக்கணும்! நீங்க போடறதை ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கணும்! உறைக்குள்ள இருக்கற குறிப்புல பெரிய எழுத்துல போட்டிருக்கு!"

"அந்தக் குறிப்பா? அதை மேவிஸ் கேக் டின்னுக்கு அடியில போட்டுட்டா."

உள்ளே மிஸ்டர் லம்ப் கதவைத் திறந்து, என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டதும், "மிஸ்டர் மிட்ஜ்லி, உட்காருங்க. அரை மணி நேரத்துல நானே முடிச்சுத் தர்றேன். காசு வேண்டாம்" என்றார். லம்ப் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கிளிஃபர்ட் தொப்பியைத் தலையில் வைத்தார். "தர்மத்துக்கு யாரும் எனக்குச் செய்ய வேண்டாம்" என்று இறங்கிவிட்டார்.

மூன்றாவதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை வலிக்கிறது. சாட்சிகள் சரி. நேரம் சரி. டெரெக்கும் பாரியும் தோட்டத்துக் கொட்டகையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று, கவிழ்த்த பீப்பாய் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். இரண்டு தாளும் பிரிந்துவிடக்கூடாது என்று துளைக்கருவியால் நான்கு ஓட்டை போட்டு, செம்புக் கம்பி கோர்த்து முறுக்கியிருந்தார். ஒரு ஓட்டை பாரியின் கையெழுத்துக்கு நடுவே போயிருந்தது. போதாக்குறைக்குக் கடைசி வரிக்குக் கீழே, வேறு மையில், "கண்ணாடிக் குடில் டெரெக்குக்கு" என்று தோட்டத்துச் செடிக்குடிலையும் சேர்த்திருந்தார்.

"இது எப்போ எழுதினீங்க?"

"நேத்து. டெரெக் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு குடுத்தான்."

"கையெழுத்துப் போட்ட பிறகு சேர்த்தது செல்லாது. அதுக்கும் தனியா சாட்சி வேணும். இந்த ஓட்டையைப் பார்த்தா, இதோட வேற ஏதோ தாள் இருந்துச்சு, யாரோ கழட்டிட்டாங்கன்னு உயிலைச் சரிபார்க்கற பதிவகத்துல சந்தேகப்படுவாங்க. மேவிஸ் சத்தியப் பத்திரம் எழுதிக் குடுத்து நிரூபிக்கணும்."

"செம்புக் கம்பிம்மா. துருவே பிடிக்காது."

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு மதிய உணவுக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வெளியே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் அங்கேயே உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த என் நாற்காலிக் காலைச் சரிசெய்து வைத்திருந்தார்.

நான்காவது இரண்டாயிரம் அக்டோபரில் வந்தது. ஓட்டை இல்லை, அடித்தல் இல்லை, கண்ணாடிக் குடில் அதன் இடத்தில் இருந்தது, தேதி இருந்தது, சாட்சிகள் சேர்ந்து நின்றிருந்தார்கள். மிஸ்டர் லம்ப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"குறை சொல்ல ஒண்ணும் இல்லை" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளிஃபர்ட் என்னைப் பார்த்து, "நான்தான் அப்பவே சொன்னேனே, இதுல என்ன பெரிய வித்தை?" என்றார்.

அதோடு தொல்லை தீர்ந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர், தொழிலாளர் மன்றத்தில் பியர் குடிக்க வருகிற கிழவர்களுக்கெல்லாம் உயில் எழுதக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்க என் மேஜைக்கு வந்தவர்களை எண்ணினால் ஏழு பேர். ஒருவர் குதிரைப் பந்தயச் சீட்டின் பின்பக்கம் எழுதியிருந்தார். ஒருவர் பென்சிலில். இன்னொருவர் தன் புறாக்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதி, வீட்டை மறந்துவிட்டார். ஏழு பேரும் ஒரே வாக்கியத்தோடுதான் ஆரம்பித்தார்கள்: "கிளிஃபர்ட் சொன்னான், ஐரீன் காசு வாங்காம பார்த்துக் குடுப்பான்னு."

பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவரைப் பார்க்கவில்லை. மார்புவலி என்று கேள்விப்பட்டேன். இரண்டாயிரத்து இரண்டு நவம்பரில், ரேடியோவைப் பிரித்துப்போட்டுச் சரிசெய்துகொண்டிருந்தவர் நாற்காலியிலேயே இறந்துபோனார் என்று ரொட்டிக்கடைப் பெண் சொன்னாள்.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து மேவிஸ் வந்தாள். சிறிய உருவம், எழுபதைத் தாண்டியவள், ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்திருந்தாள். உயிலை எடுத்து வைத்தாள். ஒரு கறை இல்லை. "இதாவது சரியா இருக்கா கண்ணு?" என்றாள்.

"இது சரியாத்தான் இருக்கு. லம்பே ரெண்டு தடவை படிச்சார்" என்று சொல்லி, வருகைப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினேன். பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மேவிஸ் மிட்ஜ்லி.

படிவத்தை என் பக்கம் திருப்பி மறுபடியும் படித்தேன். "மிட்ஜ்லியா?"

"ஆமா. இந்த வருஷம் மார்ச்சுல பதிவாளர் ஆபீஸ்ல கல்யாணம் பண்ணிக்கிட்டோம். யாருக்கும் சொல்லலை. இந்த வயசுல என்னத்தச் சொல்றது? ஆஸ்பத்திரில படிவம் குடுத்தாங்க, நோயாளிக்கு நீங்க என்ன வேணும்னு. நான் என்ன எழுதறது? 'தோழி'ன்னு எழுதினேன். வீட்டுக்கு வந்து அவர்கிட்ட கத்தினேன். பத்தொன்பது வருஷமா உன் காலுறையைத் துவைக்கிறேன், தோழியாம் தோழின்னு. மறுநாளே தேதி வாங்கிட்டு வந்துட்டார்."

நான் உயிலை எடுத்து, அதிலிருந்த தேதியைப் பார்த்தேன்.

"என்ன கண்ணு?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டா அதுக்கு முன்னாடி எழுதின உயில் செத்துப்போகும், மேவிஸ். இன்னாரைக் கட்டிக்கப்போறேன், அதுக்குப் பிறகும் இது நிக்கணும்னு உயில்லயே எழுதியிருந்தாத்தான் தப்பிக்கும். இவர் எழுதலை."

மேவிஸ் தாளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாலு தடவை எழுதினாரே" என்றாள்.

அப்போது எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. யார் மேல் என்றும் தெரியவில்லை. அவர் மேலா, சட்டத்தின் மேலா, படியேறி வந்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்க் கல்யாணம் பண்ணிக்கொண்ட அந்தத் தலைக்கனத்தின் மேலா! இரண்டரை வருடம் என் எதிரே வந்து உட்கார்ந்து என் உயிரை எடுத்தவர், அந்த ஒரு நாள் மட்டும் வந்திருக்கலாமே!

"அப்போ வீடு கீத்துக்குப் போயிடுமா?" என்று கேட்டாள். கீத், டான்காஸ்டரில் இருக்கும் கிளிஃபர்டின் அண்ணன் மகன். அவருக்கு இருந்த ஒரே சொந்தம். கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்புவான், அதோடு சரி.

லம்ப் நீதிமன்றத்திலிருந்து வர மூன்று மணியானது. அதுவரை அவளுக்கு மூன்று கோப்பை தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஒன்றைக்கூட அவள் குடிக்கவில்லை. லம்ப் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கேட்டார். வீட்டின் மதிப்பைக் கேட்டார். வேறு என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்தார்.

"மிஸஸ் மிட்ஜ்லி, உயில் இல்லாம ஒருத்தர் இறந்தா, சட்டம் ஒரு அளவு வரைக்கும் எல்லாத்தையும் மனைவிக்குத்தான் குடுக்கும். இந்த வீடு, சாமான், வங்கில இருக்கறது எல்லாம் சேர்ந்தாலும் அந்த அளவுல பாதியைத் தொடலை. கீத்துக்கு ஒண்ணும் வராது. எல்லாம் உங்களுக்குத்தான்."

"உயில் செல்லாமலா?"

"உயில் செல்லாமலே."

"அவர் உயிலே எழுதாம, சும்மா என்னைக் கட்டியிருந்தா?"

"இதேதான் நடந்திருக்கும்."

மேவிஸ் சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நடுவில் அழுகையாகிவிட்டது. நான் கைக்குட்டை கொடுத்தேன். "மடையன்" என்றாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நாலு தடவை. பீப்பாய் மேல வெச்சு. ஒழுகற கொட்டகைல. ரெண்டு பேரையும் மழைல நிக்கவெச்சு." பிறகு, "டெரெக்குக்கு அந்தக் கண்ணாடிக் குடில்?" என்றாள்.

"சட்டப்படி அதுவும் உங்களுது."

"அடக்கத்துக்கு மறுநாளே அவன் கழட்டி, தள்ளுவண்டில வெச்சு எடுத்துட்டுப் போயிட்டான். போகட்டும்."

அந்த ஆண்டு டிசம்பரில், காகிதங்கள் எல்லாம் அவள் பெயருக்கு மாறுவதற்கு முன்பே, மேவிஸ் மறுபடியும் வந்தாள். நேரம் குறித்துக்கொண்டு, கட்டணத்தைக் கேட்டு, அதை உறையில் போட்டு என் மேஜையில் வைத்தாள். தனக்கு ஓர் உயில் வேண்டும் என்றாள். லம்ப் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். நான் தட்டச்சு செய்தேன். நாற்பது நிமிடம். சாட்சிக்கு நானும் ரொட்டிக்கடைப் பெண்ணும். அவள் கையில் ஒட்டியிருந்த மாவைக் கழுவிவிட்டு வரச் சொன்னேன்.

வீட்டில் பாதியைத் தன் தங்கை மகளுக்கு எழுதினாள். மறுபாதியைக் கீத்துக்கு.

"கீத்துக்கா?" என்று லம்பே நிமிர்ந்து பார்த்தார்.

"கிளிஃபர்டோட ரத்தம் அவன் ஒருத்தன்தானே. ஆனா இப்பவே யாரும் போய் அவன்கிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் மேவிஸ், என்னைத்தான் பார்த்து. "அப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உட்கார்ந்துக்குவான். யாரு அவனுக்குச் சமைச்சுப் போடறது? இப்போ நான் எங்க கையெழுத்துப் போடணும்?"

நான் விரலை வைத்துக் காட்டினேன். போட்டாள்.