குதிரைக்குப் புல்

ட்ருகனினாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குபவன் நித்தியானந்தன். தஞ்சம் கேட்டு இந்த நாட்டுக்குப் படகில் வந்து பல வருடமாகியும் தற்காலிக விசாதான். ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. மனைவி நிரூபாவும் கைக்குழந்தையாக விட்டுவந்த மகள் வினுஷாவும் வவுனியாவில் இருந்தார்கள்.

கூட வேலை செய்த பிரைடி அயர்லாந்தில் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். எதற்கும் அவளிடம் ஒரு பழமொழி இருக்கும். சாப்பாட்டு நேரம் வந்தால், “வெறும் சாக்கு நிமிர்ந்து நிற்காது” என்பாள். விசா மறுபடியும் தள்ளிப்போனதை அவன் சொன்ன அன்று, “உயிரோடிரு குதிரையே, புல் கிடைக்கும்” என்றாள்.

அதை நிரூபாவுக்குச் சொன்னான். அவள் சிரித்தாள்.

“எங்கட ஆக்கள் பொறுத்தார் பூமி ஆள்வார் எண்டுவினம். அதைவிட இது நல்லம். குதிரைக்குப் பூமி வேண்டாம், கொஞ்சம் புல் காணும்.”

பிறகு போனை எடுத்ததும் குதிரை எப்படி என்றுதான் கேட்பாள்.

ஒருநாள் மேலாளர் எல்லாருக்கும் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பிரைடி உதட்டைச் சுழித்து அதே குதிரைப் பழமொழியைச் சொன்னாள். ஏன் என்று கேட்டான். கொடுக்க மனமில்லாதவன் தரும் வாக்கைத்தான் தங்கள் ஊர்ப்பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள் என்றாள்; புல் முளைப்பதற்குள் குதிரை செத்துவிடும். விசா தள்ளிப்போன அன்றும் இந்த நாட்டு அரசாங்கத்தை நினைத்துத்தான் வயிறெரிந்து சொன்னாளாம். அவன் அதை ஆறுதலாக எடுத்துக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

நிரூபாவிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றிருந்தான். அந்தக் கிழமைதான் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. சொல்லாமல் விட்டான். கடைசி நாட்களில் மூச்சு வாங்க வாங்க, “இஞ்சருங்கோ, குதிரை இன்னும் இருக்கு” என்பாள்.

“ஓம், இருக்கும்” என்பான்.

செத்தவீட்டைப் போனில் பார்த்தான். கேள்விப்பட்டு பிரைடி அவன் அறைக்கு வந்தாள். வீட்டை விட்டுப் போகும்வரை இறந்தவரைத் தனியே விடக்கூடாது என்று மட்டும் சொல்லி, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உடலைத் தூக்கினார்கள். வினுஷா போனைப் பிடித்தபடி வாசல் படலைவரை நடந்து நின்றாள். ஏன் நின்றுவிட்டாள் என்று பிரைடி கேட்டாள். பெண்கள் சுடலைக்குப் போவதில்லை என்றான். பறைச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. பிறகு தெரு மட்டும்.

“அப்பா, அம்மாவைக் கொண்டுபோயிட்டினம்.”

“ஓம் பிள்ளை. நீ உள்ள போ. வெயில்.”

அவள் போகவில்லை. அவனும் போனை வைக்கவில்லை.