செத்து விழுகிறவருக்கு ஒரு வசனம்

எங்கள் பனியன் கம்பெனி வாசலில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்டுக்கொண்டபடி, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரு விதி ஒட்டியிருக்கிறது. ஊர், மொழி, நிறம் பார்த்து யாரையும் தாழ்த்தக் கூடாது. புகார்ப் பெட்டியில் போடும் மனுவுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். திருநெல்வேலியில் தலைமை எழுத்தராக ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு திருப்பூர் ராயபுரத்துக்குக் குடிவந்து, முதலிபாளையத்தில் இந்தக் கம்பெனியின் கோப்புகளை அடுக்கிக்கொண்டிருக்கும் நான் அந்த விதியை நம்பினேன். திருநெல்வேலியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரிக்கலாம்.

முதலாளிக்குப் பழைய ஹாலிவுட் கௌபாய் காமெடிப் படங்கள் என்றால் உயிர். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஆண்டு விழாவில் அதே பாணியில் ஒரு நாடகம் உண்டு. ஷெரிப் என்கிற போலீஸ் அதிகாரியும் அவர் ஆட்களுமாகத் தொப்பியும் துப்பாக்கியும் ஆபீஸ்காரர்களுக்கு. முகத்தில் சிவப்பு பூசி, இறகு செருகி, கூச்சலிட்டு ஓடிவந்து சுடப்பட்டு விழும் செவ்விந்தியர் வேடம் ஒடிசா ஆட்களுக்கு. எனக்குக் குடிகாரக் கிழவர் வேடம். என் தெக்கத்திப் பேச்சுக்கே கைதட்டல் விழும்.

கல்லூரி நாட்களில் பாளையங்கோட்டையில் அந்த மாதிரிப் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். வசனம் உள்ள செவ்விந்தியர் பெரும்பாலும் சாயம் பூசிய வெள்ளைக்காரராக இருப்பார். அசல் ஆட்கள் தூரத்துக் குதிரைகளில் கும்பலாக வருவார்கள். மெக்சிகோக்காரர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவார். சீனர் துணி வெளுத்துக்கொண்டே கும்பிடுவார். கறுப்பினச் சமையல்காரர் பயந்து கண்ணை உருட்டுவார். நாங்கள் அத்தனை பேரும் தொப்பிக்காரர் பக்கம் நின்று சிரித்தோம். எல்லாரும் சட்டை போட்டிருக்கும் அந்த ஊரில் சட்டை தைப்பவர் ஒருவரைக்கூடக் காட்டவில்லை என்பது திருப்பூருக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் பிகாஷ், ஒடிசாக்காரர், மூன்று வருடமாக மேடையில் சுடப்பட்டு வருகிறார். இந்த ஊர்த் தமிழை என்னைவிட நன்றாகப் பேசுவார். கார்த்திகையில் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"சார், இந்த வருசம் ஒரே ஒரு வரி பேசிட்டுச் சாகறனுங்க. 'உங்கப்பனுக்குப் பேச வராதா'ன்னு எம் புள்ளய இஸ்கூல்ல கேலி பேசறாங்களாமுங்க. போகவே மாட்டீங்குதுங்க."

நேரே மேனேஜரிடம் அழைத்துப் போயிருக்கலாம். "எழுத்துல கொடுங்க தம்பி. வாயால கேட்டா வாயாலயே முடிஞ்சு போகும்" என்றேன். மனுவை நானே எழுதினேன், மூன்று பிரதி.

மனுவைப் படித்த மேனேஜர் வழியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "காமெடிதானுங்க சார்! அவரு பேச ஆரம்பிச்சா நம்ம ஷெரிப் எப்பச் சுடறதுங்க?"

"அதை எழுத்துல தாங்க."

"தந்தர்றமுங்க."

தரமாட்டோம் என்பதை இங்கே இவ்வளவு மரியாதையாகவும் சொல்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

விழா வந்தது, பதில் வரவில்லை. மேடைக்குப் பின்னால், பாதி முகம் சிவந்திருந்த பிகாஷ் கேட்டார். "நானாப் பேசிரட்டுங்களா சார்?"

"மனு நிலுவையில இருக்கு. இப்பப் பேசினா நம்ம தரப்பு கெட்டுப்போகும்."

என் எழுத்தர் சர்வீஸ் பேசியது, அவர் கேட்டுக்கொண்டார். ஓடிவந்தார், சுடப்பட்டார், வாய் திறக்காமல் விழுந்தார். பக்கத்தில் பாட்டிலோடு தள்ளாடிய எனக்கு நாலு வசனம்.

முன்வரிசையில் அவருடைய எட்டு வயது மகள் மினி எழுந்து நின்று கத்தினாள். "எங்கப்பாவுக்கு நல்லாப் பேச வருமுங்க! நீங்கதான் உடமாட்டீங்கறீங்க!"

அரங்கமே சிரிப்பில் அதிர்ந்தது. அதுவும் நாடகம் என்று நினைத்துக்கொண்டார்கள். முதலாளி எழுந்து நின்று கைதட்டினார். கீழே கிடந்த பிகாஷ் கண்ணைத் திறக்கவில்லை; செத்தவர் திறக்கக் கூடாதல்லவா.

விதி சொன்ன மாதம் போய், அதற்குமேலும் மாதங்கள் போய், வருடக் கணக்கு முடிக்கும் நாளில் பதில் வந்தது. 'மனு பரிசீலிக்கப்பட்டது. மனுதாரரின் குடும்பத்தாருக்கு மேற்படி நாடகத்தில் ஒரு வசனம் கிடைத்துவிட்டபடியால், கோரிக்கை நிறைவேறியதாகக் கருதி முடித்து வைக்கப்படுகிறது.' குறை சொல்ல முடியாத நடை. நானே இப்படி எத்தனையோ எழுதியிருக்கிறேன்.

பிகாஷை அழைத்து வாசித்துக் காட்டினேன். அன்றும் பள்ளிக்குப் போகாத மினி அவர் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாக அவர் ஒடியாவில் கையெழுத்துப் போட்டார். "தேதி?" என்றேன். பேனாவை மகளிடம் கொடுத்தார். அவள் குனிந்து, நிதானமாக, தமிழில் எழுதினாள்: மார்ச் முப்பத்தொன்று.