மலைக்குச் சிவப்பு, எங்களுக்கு மஞ்சள்

காலை 6.10. ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர். இங்கே நர்ஸ் வேலை பார்க்கும் என் மகள் நித்யாவோடு பஸ்ஸுக்கு நின்றேன். இரண்டு நாளாக விடாத மழை. வானிலை அறிவிப்பில் மலைப் பகுதிக்குச் சிவப்பு எச்சரிக்கை. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு மஞ்சள்தான். அதைப் பார்த்த பிறகு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. முந்தின நாளே உத்திரமேரூரிலிருந்து புறப்பட்டு வந்து, அவளை மூன்று நாள் லீவு போட வைத்தேன்.

"இங்க ஒண்ணும் ஆவாதும்மா. குவாட்டர்ஸ் பாறை மேல கீது."

"மலையே சரிஞ்சா பாறை தாங்குமா? ஏறுடி."

போளூர் வரை நாற்பது கிலோமீட்டருக்கு மேல் இறக்கம். திருப்பத்துக்குத் திருப்பம் செம்மண் நீர் சாலையைக் கடந்து ஓடியது. இரண்டு இடங்களில் கண்டக்டர் இறங்கி நடந்து பார்த்த பிறகே ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார். நான் மகளின் மணிக்கட்டை விடவில்லை. ஆரணி தாண்டியதும் பளீரென்று வெயில். அப்போதுதான் விட்டேன்.

மதியம் 12.20. காஞ்சிபுரத்தில் மாறி ஏறிய பஸ் செய்யாற்றுக்கு இக்கரையிலேயே நின்றுவிட்டது. "தரைப்பாலத்து மேல தண்ணி போவுது. பெருநகர் வழியா சுத்திக்கினு போங்கமா," என்றார் கண்டக்டர். சுற்றினால் எப்படியும் இரண்டு மணி நேரம். அக்கரைக்குப் போய்விட்டால் திருப்புலிவனம், அடுத்தது வீடு.

ஆற்றோரம் திருவிழாக் கூட்டம். எங்கள் ஊர்கள் ஏரியை நம்பிப் பயிர் வைப்பவை. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்தால்தான் ஏரிக்கு வரும். அதனால் அதற்குத் தேங்காய் உடைத்து வரவேற்பது வழக்கம். பெண்கள் வெற்றிலையில் கற்பூரம் ஏற்றி மிதக்கவிட்டார்கள். பாலத்தின் மேல் கணுக்கால் தண்ணீர். பூசை நடக்கிற இடத்தில் என்ன ஆபத்து என்று நினைத்தேன்.

ஷேர் ஆட்டோக்காரர் தலைக்கு முப்பது ரூபாய் கேட்டார். "இன்னாக்கா யோசிக்கிற? வராத விருந்தாளி வந்துகீறாரு. அவராண்ட போயி பயப்படுவாங்களா?"

நித்யா ஏறவில்லை. "அம்மா, இது அந்த மலையிலேர்ந்து வர்ற ஆறு. மேல ரெண்டு நாளா கொட்டுன மழை எங்க போவும்?"

"வெயில் மண்டையப் பொளக்குது, இவ மழைன்றா. ஏறு."

12.45. பாதிப் பாலத்தில் என்ஜின் நின்றது. கையில் கற்பூரத் தட்டோடு கரையிலிருந்து ஒரு பெண் கத்தினாள்: "தண்ணி ஏறுது! வண்டிய வுட்டுட்டு ஓடியாங்க!" மேற்கே, முழு மரமொன்றைப் புரட்டிக்கொண்டு வெயிலில் மின்னியபடி வந்தது வெள்ளம். இறங்கும்போது முழங்கால், நாலடி வைப்பதற்குள் இடுப்பு. என் கால் தரையில் இல்லை. நித்யா ஒரு கையால் என் தலைமுடியையும் மறுகையால் பாலத்து ஓரக் கல்லையும் பிடித்துக்கொண்டாள். பூசைக்கு வந்தவர்கள் கைகோத்து இறங்கி எங்கள் மூவரையும் இக்கரைக்கு இழுத்தார்கள். ஆட்டோவின் மஞ்சள் கூரை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

"வூட்ல போயி இன்னா சொல்லுவேன்," என்று ஆட்டோக்காரர் ஈரத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

பெருநகர் வழியாகச் சுற்றி, மாலை 5 மணிக்கு வீடு சேர்ந்தோம். வழியெல்லாம் வெயில்.

மூன்றாம் நாள் அவள் கிளம்பினாள். ஏரி நிரம்பி வழிவதைப் பார்க்க ஊரே போயிருந்தது. நான் போகவில்லை. அவள் பிடித்த இடத்தில் உச்சந்தலை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பஸ் நிலையத்தில், "மலைக்கு இன்னும் ஆரஞ்சுதான் போட்டிருக்கான். ஒரு நாள் இரேன்," என்றேன்.

"அங்க பெய்யிறது கீழ எறங்கிடும்மா. இங்கதான் வந்து நிக்குது. நீ ஆத்துப் பக்கம் போவாத."

இப்போதும் தினமும் காலையில் மலைக்கு என்ன நிறம் என்றுதான் முதலில் பார்க்கிறேன். முன்பு அவளுக்காகப் பார்த்தேன். இப்போது எங்களுக்காக.