பிரெஞ்சுக் கேமராவுக்கு ஜெர்மன் லென்ஸ்

இன்று கேமராக் கடையில் ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: "பாட்டி, இது வேற கம்பெனி லென்ஸ். இந்தக் கேமராவுல சேராது!"

சேரும் தம்பி. நான் சேர்த்திருக்கிறேன்!

(பேத்தி என் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டாள். இல்லாவிட்டால் இந்தக் கதையை அவர் அங்கேயே கேட்டிருப்பார். இப்போது நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.)

ஐம்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் அப்போதும் பிரெஞ்சுக் கொடிதான்.

என் வீட்டுக்காரர் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கேமரா, ஊருக்குக் கப்பலேறிய ஒரு பிரெஞ்சுக்காரர் விற்றுவிட்டுப் போனது.

அதன் லென்ஸைக் கெடுத்தவள் நான்தான்.

ஒளிக்க என்ன இருக்கிறது? பித்தளைக் குழலில் பச்சை படிந்திருந்தது. வெள்ளிக்கிழமை, விளக்குத் தேய்க்கிற நாள். கையில் புளியும் செங்கல் தூளும் இருந்தன. அதையும் சேர்த்துத் தேய்த்துவிட்டேன்!

குழல் பொன்னாக மின்னியது. கண்ணாடி முழுக்கக் கோடு.

"ஏண்டி, ஒனக்கு லென்ஸும் குத்துவெளக்கும் ஒண்ணா? மெட்ராஸ்லேருந்து வேற வரணும், ரெண்டு மாசமாவும்! இனிமே ஸ்டுடியோ பக்கம் கால வச்சே, பாத்துக்க!"

மறுநாளே அடுத்த தெரு மரியம் லாத்தாவின் மாமியார் எங்கள் கொல்லை வாசலில் வந்து நின்றார். (லாத்தா என்றால் அக்கா.)

மரியம் லாத்தாவின் கணவருக்குச் சைகோனில் ஒரு கடையில் வேலை. கல்யாணமான நாற்பதாம் நாள் கப்பலேறியவர், மூன்று வருடம் கழித்து இப்போதுதான் மனைவியை வரச் சொல்லியிருந்தார். பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ வேண்டும்.

"திங்கக்கெழம ஆபீஸ்ல படத்தக் குடுக்கணும்மா. விட்டா இந்தக் கப்பலு போயிரும். அடுத்தது எப்பன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். எங்க ஊட்டுப் புள்ள ஆம்புளைக்கு முன்னால ஒக்காராது. நீதான் புடிச்சுத் தரணும்."

எனக்குப் படம் எடுக்கத் தெரியும். வீட்டுக்காரர் இருட்டறையில் இருக்கும்போது வருகிற குழந்தைகளை நான்தான் எடுப்பேன்.

ஆனால் கேமராவின் கண்ணைத்தான் பிடுங்கிவிட்டேனே!

அலமாரியில் ஒரு ஜெர்மன் கேமரா கிடந்தது. எங்கேயோ விழுந்து உடம்பு நசுங்கியது. லென்ஸில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. அதை எடுத்துப் பிரெஞ்சுக் கேமராவில் வைத்துப் பார்த்தேன். அது திருகி மாட்டுகிற ஜாதி. இது செருகித் திருப்புகிற ஜாதி. கிட்டவே சேரவில்லை.

"எதோட எது சேரும்னு ஒரு கணக்கு இருக்குடி. அஞ்சாங்கிளாஸு படிச்சவளுக்கு அது புரியாது" என்றார் வீட்டுக்காரர்.

அஞ்சாங்கிளாஸ்தான். அதற்கென்ன? ஒரு விளக்கின் தண்டு இன்னொரு விளக்கின் பாதத்தில் ஏறாவிட்டால் நாங்கள் தூக்கி எறிகிறோமா? பித்தளை வேலை செய்கிற கன்னாரிடம் போகிறோம்!

போனேன். ஓர் உடைந்த குத்துவிளக்கையும் இரண்டு லென்ஸ்களையும் அவர் முன்னால் வைத்தேன்.

"சாமி வெளக்குக் கழுத்த அறுத்துப் படப்பொட்டிக்கு வைக்கிறதா? பாவம் தாயி!"

"பாவத்த நான் வாங்கிக்கிறேன். நீங்க அறுங்க."

நான் கெடுத்த லென்ஸின் அடிவளையம் பிரெஞ்சுக் கேமராவில் சரியாகப் பொருந்தும் அல்லவா? அதை மட்டும் கழற்றி, அதன்மேல் விளக்குக் கழுத்தை ஈயம் வைத்து ஒட்டித் தந்தார். ஜெர்மன் லென்ஸ் அதில் கொஞ்சம் ஆடியது. பெரிதான மோதிரத்துக்கு நூல் சுற்றுவோமே, அதே போல் நூல் சுற்றித் திருகினேன். கப்பென்று நின்றது! உள்பக்கம் மினுங்காமல் இருக்க விளக்குக் கரியைப் பூசினேன்.

கேமராவின் முதுகைத் திறந்து, பிலிம் ஓடுகிற இடத்தில் எண்ணெய்த் தாளை ஒட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டு மாமரம் கரைத்த மோர் போலத் தெரிந்தது.

வீட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். "பாத்தியா? ஒன் வளையம் ஒரு நெல்லு கனம் கூடிப்போச்சு. லென்ஸு பிலிமவுட்டுத் தள்ளி நிக்கிது. இனிமே தூரத்துல எதுவுமே தெரியாது. நான்தான் சொன்னேனே!"

நான் கேமராவை அப்படியே துணிக்கொடிப் பக்கம் திருப்பினேன்.

நாலடி தூரத்தில் காய்ந்துகொண்டிருந்த என் ரவிக்கையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது! (தலைகீழாகத்தான். ஆனாலும் எண்ண முடிந்தது.)

பாஸ்போர்ட்டுக்குக் கடற்கரையையா கேட்டார்கள்? முகத்தைத்தானே!

ஞாயிற்றுக்கிழமை காலை மரியம் லாத்தா வீட்டு முற்றம். வெள்ளைத் துப்பட்டியைப் பின்னால் கட்டி அவரை உட்கார வைத்தேன். லென்ஸில் ஒரு நூலைக் கட்டி, நாலடியில் முடிச்சுப் போட்டு, முடிச்சை மூக்கில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"இது என்னம்மா, மாட்டுக்கு மூக்கணாங்கவுறா?" என்று மாமியார் சிரித்தார்.

"அசையாதீங்க லாத்தா. ஒரு விரக்கட தள்ளுனாலும் மூஞ்சி மோராயிரும்!"

"நெசமா படத்துல உழுவுமா என் மூஞ்சி? அவுக மொகமே எனக்குப் பாதி மறந்துபோச்சு. என்னையும் மறந்திருப்பாக" என்றார். கண் கலங்கிவிட்டது.

துடைத்துக்கொள்ளும் வரை காத்திருந்தேன். நூலை எடுத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நாலு படம்!

வீட்டுக்காரர் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். நான் கெடுத்த கண்ணால் ஒரு பெண்ணின் கப்பல் போய்விடக் கூடாதே!

ஈரப் படத்தோடு வெளியே வந்தார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கண்ணு எம முடிய எண்ணலாம்."

(அவரிடம் அது பத்து மாலைக்குச் சமம்!)

திங்கட்கிழமை ஆபீஸில் படத்தை வாங்கிக்கொண்டார்கள். மரியம் லாத்தா அந்தக் கப்பலிலேயே போனார்.

சொன்னபடி இரண்டு மாதத்தில் மெட்ராஸிலிருந்து புது லென்ஸ் வந்தது. அதற்குள் கொல்லை வாசல் வழியாகப் பெண்கள் என்னைத் தேடி வர ஆரம்பித்திருந்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"அந்த ஒட்டுப்போட்டதத் தூக்கிப் பழைய பித்தளைக்குப் போடுடி. நாலடிக்கு மேல பாக்காத லென்ஸு எதுக்கு ஒதவும்?"

நான் அதை முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னேன்:

"மரியம் லாத்தாவ சைகோன் வரைக்கும் கொண்டுபோச்சே. ஒங்க லென்ஸு எதுவரைக்கும் போயிருக்குதுங்க?"